காலையில் மட்டும் ஏன் எரர் வருகிறது?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வெப் சர்வீஸை (ஆப்போ இணையப் பக்கமோ கேட்பதற்குப் பதில் தரும் புரோகிராம்) டேட்டாபேஸோடு இணைப்பது பற்றியவை. எல்லாவற்றையும் படித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். டூலில் ‘டெஸ்ட் கனெக்‌ஷன்’ பட்டனை அழுத்தி ‘சக்ஸஸ்’ என்று வந்ததுமே நிறைய பேர் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த இணைப்பில் யார் உள்ளே போகிறார், என்ன உரிமையோடு போகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார், எழுத்துகள் எந்தக் குறியீட்டில் போகின்றன என்பதையெல்லாம் டூல் உங்களுக்காக முடிவு செய்யாது. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

வணக்கம் அக்கா. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக ஹாஸ்டல் மெஸ் டோக்கன் சர்வீஸ் ஒன்றை ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் எழுதியிருக்கிறேன். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் டூலான டிபீவரில் அது அழகாகத் திறக்கிறது. அதே முகவரி, அதே பாஸ்வேர்டை சர்வீஸில் கொடுத்தால் ‘கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்’ என்று பக்கம் பக்கமாக எரர் வருகிறது. சர்வீஸ், டேட்டாபேஸ் இரண்டுமே டாக்கரில் ஓடுகின்றன. ரிவ்யூ நெருங்கிவிட்டது.
– ஒரு மாணவி, நாமக்கல்

பயப்படாதீர்கள் தங்கச்சி, இது சின்ன விஷயம்தான். நீங்கள் படித்தது எரரின் முதல் வரி. ஜாவாவில் எரர் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிந்து வரும். கீழே போகப் போக ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் வரிகள் வரும். அவற்றில் கடைசியாக இருப்பதைப் பாருங்கள், நிஜக் காரணம் அங்கேதான் இருக்கும்.

அங்கே ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்றிருந்தால், முகவரியில் மெஷின் இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் (மெஷினில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் உரிய கதவு எண்) பதில் சொல்ல யாரும் இல்லை. ‘டைம்டு அவுட்’ என்றால் பெரும்பாலும் நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுக்கிறது. ‘அன்னோன் ஹோஸ்ட்’ என்றால் நீங்கள் கொடுத்த பெயரே யாருக்கும் தெரியவில்லை. ‘நோ சூட்டபிள் டிரைவர்’ என்றால் விஷயம் உங்கள் புரோகிராமைத் தாண்டவே இல்லை. டேட்டாபேஸோடு பேச உதவும் டிரைவர் ஃபைலை (ஜார்) சேர்க்கவில்லை, அல்லது முகவரியின் தொடக்கத்தில் எழுத்துப் பிழை. ‘ஆக்ஸஸ் டினைட்’ வந்தால் சந்தோஷப்படுங்கள், நெட்வொர்க் பாதை திறந்துவிட்டது என்று அர்த்தம். இனி யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் பார்த்தால் போதும்.

உங்களுக்கு வருவது அநேகமாக ‘ரெஃப்யூஸ்ட்’. காரணம் லோக்கல்ஹோஸ்ட், அதாவது ‘இந்த மெஷினே’ என்று பொருள்படும் முகவரி. டிபீவர் உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறது, அதனால் அதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் லேப்டாப். சர்வீஸ் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது டாக்கர் தனியாகப் பிரித்து வைத்த ஒரு பெட்டிக்குள், ஓடுகிறது. அதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான், அதற்குள் மைஎஸ்க்யூஎல் இல்லை. டாக்கர் கம்போஸ் ஃபைலில் (கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டச் சொல்லும் ஃபைல்) டேட்டாபேஸுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ, அதையே சர்வீஸின் முகவரியில் ஹோஸ்ட் பெயராகப் போடுங்கள்.

போர்ட்டையும் கவனியுங்கள். லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு மைஎஸ்க்யூஎல் இருப்பதால் நிறைய பேர் லேப்டாப்பின் 3307-ஐ கன்டெய்னரின் 3306-க்கு மேப் செய்திருப்பார்கள். டிபீவருக்கு 3307 சரி. கன்டெய்னரிலிருந்து கன்டெய்னருக்குப் போகும்போது மேப்பிங் குறுக்கே வராது, அங்கே 3306-தான் போட வேண்டும்.

இன்னொரு விஷயமும் உங்களைத் தேடி வரும். கம்போஸில் ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்று வெறுமனே போட்டால், டேட்டாபேஸ் கன்டெய்னர் தொடங்கும் வரைதான் சர்வீஸ் காத்திருக்கும். மைஎஸ்க்யூஎல் முதல் முறை எழும்போது தன் ஃபைல்களையெல்லாம் உருவாக்கிக்கொள்ள நேரம் எடுக்கும், அதற்குள் உங்கள் சர்வீஸ் கதவைத் தட்டிவிட்டு விழுந்துவிடும். டேட்டாபேஸ் தயாரா என்று பார்க்கும் ஹெல்த்செக் ஒன்று எழுதி, அது ‘ஹெல்த்தி’ ஆன பிறகே சர்வீஸ் தொடங்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள்.

வாடிக்கையாளர் போன் நம்பர் எதைக் கொடுத்தாலும் டேபிளில் 2147483647 என்றே விழுகிறது. வைரஸா?
– சிவகாசி வாசகர்

வைரஸ் இல்லை. போன் நம்பர் ஃபீல்டை ‘இன்ட்’ (முழு எண்) என்று வைத்திருக்கிறீர்கள். மைஎஸ்க்யூஎல் இன்ட்டில் வைக்கக்கூடிய மிகப்பெரிய எண் 2147483647. நம் ஊர் மொபைல் எண்கள் எல்லாமே அதைவிடப் பெரியவை. தவறான மதிப்பை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் ஆஃப் ஆகியிருந்தால் மைஎஸ்க்யூஎல் எரர் கொடுக்காமல் உச்ச எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும். 5.7 வெர்ஷனிலிருந்து ஸ்ட்ரிக்ட் மோட் தானாகவே ஆன் ஆகி வருகிறது. உங்களுடையது பழைய வெர்ஷன், அல்லது யாரோ ‘எரர் வருகிறது’ என்று அதை அணைத்திருக்கிறார்கள். முதலில் அதை ஆன் செய்யுங்கள். ஃபீல்டை வார்கேர் 15 (15 எழுத்து வரை) என்று மாற்றுங்கள், சர்வதேச எண்கள்கூட 15 இலக்கத்தைத் தாண்டாது. கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண் இல்லை, எழுத்துதான். பின்கோடும் ஆதாரும் அப்படியே. ஏற்கெனவே விழுந்த எண்களை டேட்டாபேஸிலிருந்து மீட்க வழியில்லை, பழைய பில்களைப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டியதுதான்.

மேடம், எங்களுடையது ஜவுளி மொத்த வியாபாரம். வெளியூர்க் கடைகள் ஆர்டர் போட ஒரு சர்வீஸ் வைத்திருக்கிறோம், டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் ஓடுகிறது, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. காலையில் கடை திறந்ததும் வரும் முதல் ஆர்டர் மட்டும் எரர் ஆகிறது. மறுபடி அழுத்தினால் போகிறது. எழுதிக்கொடுத்தவரைக் கேட்டால் ‘தினமும் காலையில் ரீஸ்டார்ட் பண்ணுங்க’ என்கிறார்.
– ஈரோடு வாசகர்

ரீஸ்டார்ட் செய்தால் எரர் போய்விடும். ஆனால் காரணம் அப்படியே இருக்கும். இதே கேள்வி எனக்கு வேறு வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் டேட்டாபேஸோடு புதிதாக ஒரு கனெக்‌ஷன் போடுவது செலவான வேலை. நெட்வொர்க் கைகுலுக்கல், பாஸ்வேர்ட் சரிபார்ப்பு, அந்தப் பக்கம் ஒரு த்ரெட் ஒதுக்குவது என்று அதற்குள் நிறைய நடக்கிறது. அதனால் சர்வீஸ் சில கனெக்‌ஷன்களை முன்கூட்டியே போட்டு ஒரு பூலில் வைத்திருக்கும். பழைய வாடகை சைக்கிள் கடை மாதிரிதான்: எடுத்து ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அடுத்தவர் அதையே எடுப்பார்.

இப்போது மைஎஸ்க்யூஎல் பக்கம் வாருங்கள். அதில் ‘வெயிட் டைம்அவுட்’ என்றொரு அளவு இருக்கிறது. யாரும் மாற்றாவிட்டால் அதன் மதிப்பு 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். அவ்வளவு நேரம் பேச்சே இல்லாத கனெக்‌ஷனை டேட்டாபேஸ் தன் பக்கத்தில் மூடிவிடும். இரவு 9 மணிக்குக் கடை அடைத்து காலை 9 மணிக்குத் திறந்தால் 12 மணி நேரம் ஆகிவிடுகிறது. மூடிய செய்தி பூலுக்குத் தெரியாது. முதல் ஆர்டர் வந்ததும் செத்த கனெக்‌ஷனை எடுத்து நீட்டுகிறது, எரர் வருகிறது. அந்தக் கனெக்‌ஷனைக் கழித்துவிட்டுப் புதியது போடுவதால் இரண்டாவது முறை போகிறது. பூலில் செத்தவை இரண்டு மூன்று இருந்தால் இரண்டு மூன்று எரர் வரும். ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்கள் காலையும் இதே கதைதான்.

உங்கள் சர்வீஸில் இருப்பது டாம்கேட்டின் ஜேடிபிசி பூல் (ஜேடிபிசி என்பது ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழி) என்று நினைக்கிறேன். அதில் ‘டெஸ்ட் ஆன் பாரோ’ என்ற அமைப்பு இயல்பாக ஆஃப். அதை ஆன் செய்து, சோதனைக் கேள்வியாக ‘செலக்ட் 1’ என்று கொடுங்கள். கனெக்‌ஷனைக் கையில் கொடுக்கும் முன் பூல் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கும், பதில் வராவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தரும். அமைப்பு ஃபைலில் இரண்டு மாற்றம், அவ்வளவுதான். புதிதாக எழுதுபவர்கள் ஹிக்காரி பூலை எடுத்துக்கொள்ளலாம், ஸ்பிரிங் பூட் 2.0-விலிருந்து அதுதான் தானாக வருகிறது. இயல்பாகவே அது எந்தக் கனெக்‌ஷனையும் 30 நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது, கொடுக்கும் முன் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளும்.

இரண்டு குறுக்கு வழிகளை யாராவது சொல்லித் தருவார்கள், ஏற்காதீர்கள். ஒன்று, வெயிட் டைம்அவுட்டை ஒரு மாதம் அளவுக்கு ஏற்றுவது. நடுவில் இருக்கும் ஃபயர்வால் எதுவும் அந்தக் கணக்கை மதிக்காது. மற்றது, டிரைவரில் ‘ஆட்டோ ரீகனெக்ட்’ போடுவது. ஸ்டாக்கைக் கழித்து பில் எழுதுவதற்கு நடுவில் கனெக்‌ஷன் அறுந்தால் முதல் பாதி தானாக ரத்தாகிவிடும். ஆட்டோ ரீகனெக்ட் புதிய கனெக்‌ஷனைப் போட்டுவிடும், எரரைச் சரியாகக் கையாளாத புரோகிராம் மீதியை அதில் எழுதிவிடும். கையில் பில் இருக்கும், ஸ்டாக் கழிந்திருக்காது. கணக்கு விஷயத்தில் இதைவிட ஆபத்து வேறில்லை.

அப்படியே பூலின் அளவையும் பார்த்துவிடுங்கள். ‘மெதுவாக இருக்கிறது’ என்றவுடன் 10-ஐ 200 ஆக்குகிறார்கள். மைஎஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிப்பதே மொத்தம் 151 கனெக்‌ஷன்தான், போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் 100. சர்வீஸை ஐந்து பிரதிகளாக ஓட்டி ஒவ்வொன்றுக்கும் 25 கொடுத்தால் 125 ஆகிவிடும், போஸ்ட்கிரெஸ் கதவைச் சாத்திவிடும். பெரும்பாலான கடைகளுக்கு 10 தாராளம். 10 போதவில்லை என்றால், எடுத்த கனெக்‌ஷனைத் திருப்பித் தராத இடம் ஒன்று உங்கள் புரோகிராமில் இருக்கும். எரர் வரும் பாதையில் ‘க்ளோஸ்’ விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜாவா 7-லிருந்து ‘ட்ரை’ அடைப்புக்குள்ளேயே கனெக்‌ஷனைத் திறந்தால் தானாக மூடிக்கொள்ளும்.

எங்கள் ஊரில் டி'சோசா, டி'குரூஸ் என்ற பெயர்கள் சாதாரணம். இவர்கள் பெயரில் மட்டும் ரசீது சேவ் ஆகவில்லை. பிஹெச்பி-யில் எழுதிய சர்வீஸ். இப்போதைக்கு அந்த ஒற்றைக் குறியை எடுத்துவிட்டு டைப் செய்யச் சொல்லியிருக்கிறோம்.
– தூத்துக்குடி வாசகர்

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒருவருடைய பெயரை அவர் எழுதுகிறபடி எழுத விடாத மென்பொருளை நாம் வைத்திருக்கக் கூடாது. அதைவிட அவசரமான காரணமும் இருக்கிறது: சேவ் ஆகாத அந்தப் பெயர் உங்கள் சர்வீஸில் இருக்கும் பெரிய ஓட்டையைக் காட்டிக்கொடுக்கிறது.

உங்கள் புரோகிராம் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை சொல்லும் மொழி) வாக்கியத்தையும் பெயரையும் ஒட்டி ஒரே சரமாக்கி அனுப்புகிறது. எஸ்க்யூஎல்லில் எழுத்துச் சரம் ஒற்றைக் குறியில் தொடங்கி ஒற்றைக் குறியில் முடியும். ‘டி’க்கு அடுத்த குறியைப் பார்த்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் நினைக்கிறது. மீதி ‘சோசா’வை எஸ்க்யூஎல் கட்டளையாகப் படிக்கப் பார்த்து, புரியாமல் எரர் தருகிறது. அந்த இடத்தில் ‘சோசா’வுக்குப் பதில் ஒருவன் வேண்டுமென்றே புரிகிற கட்டளையை எழுதினால்? எரர் வராது, அவன் சொன்னது நடக்கும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான். 1998-லேயே ஹேக்கர்களின் ஃப்ராக் இதழ் இதை எழுதிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் புதிதாக எழுதப்படும் சர்வீஸ்களில் இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தீர்வு, வாக்கியத்தையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்புவது. டேட்டாபேஸோடு பேச பிஹெச்பி-யில் இருக்கும் பிடிஓ-வில் ‘ப்ரிப்பேர்’ செய்யும்போது பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வையுங்கள், பெயரை ‘எக்ஸிக்யூட்’ செய்யும்போது கொடுங்கள். எந்தக் குறி வந்தாலும் அது பெயராகவே போகும். மைஎஸ்க்யூஎல்லுக்கு பிடிஓ இயல்பாக இதைத் தன் பக்கத்திலேயே பாவனையாகச் செய்கிறது, அதை அணைத்துவிட்டால் டேட்டாபேஸே நேரடியாகச் செய்யும். எந்த ஃபீல்டால் வரிசைப்படுத்துவது என்பதை மட்டும் கேள்விக்குறியால் தர முடியாது. அதற்கு அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்றை புரோகிராமிலேயே வைத்து அதிலிருந்து எடுங்கள்.

உங்கள் கோடில் பழைய ‘மைஎஸ்க்யூஎல் க்வெரி’ ஃபங்ஷன் இருந்தால், நீங்கள் ஓட்டுவது பிஹெச்பி 5. 2015-ல் வந்த பிஹெச்பி 7-ல் அதை நீக்கிவிட்டார்கள், 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018 முடிவோடு நின்றுவிட்டன. மாறியே ஆக வேண்டும்.

அப்புறம், சர்வீஸ் எந்த யூசராக உள்ளே போகிறது? எல்லா உரிமையும் உள்ள ‘ரூட்’ என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். ரசீது சர்வீஸுக்கு அதன் டேபிள்களைப் படிக்கவும், சேர்க்கவும், திருத்தவும் உரிமை போதும். டேபிளையே அழிக்கும் உரிமை அதற்கு எதற்கு?

மொபைல் ஆப்பிலிருந்தே நேராக டேட்டாபேஸுக்கு கனெக்ட் செய்தால் வேகமாக இருக்குமே, நடுவில் சர்வீஸ் எதற்கு?
– கோயம்புத்தூர் வாசகர்

ஆப்புக்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை வைக்க வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்ட் ஆப்பைப் பிரித்துப் பார்க்க இலவச டூல்கள் உண்டு. பாஸ்வேர்ட் தெரிந்தவர் உங்கள் ஆப்பைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, டிபீவரைத் திறந்து எல்லாருடைய டேட்டாவையும் பார்ப்பார். சர்வீஸ் நடுவில் இருக்க வேண்டும், டேட்டாபேஸ் போர்ட் இணையத்துக்கு மூடியிருக்க வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

எங்கள் வாசிகசாலையின் நூல் பட்டியலை இணையத்தில் தர ஒரு சர்வீஸ் செய்தோம். தமிழ்த் தலைப்புகள் சில ???? என்று வருகின்றன, சில கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வருகின்றன. சரியாக வருபவற்றிலும் சில தலைப்புகள் தேடலில் அகப்படுவதில்லை.
– யாழ்ப்பாணம் வாசகர்

நீங்கள் கேட்டதில் மூன்று வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

திரையை நம்பாதீர்கள், டேட்டாபேஸுக்குள் பைட்டுகளாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் அந்த ஃபீல்டுக்கு ‘ஹெக்ஸ்’ ஃபங்ஷனைப் போட்டால் காட்டும். தமிழுக்கான யூனிகோட் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். சரியாகப் பதிவான தமிழ் ‘இ0ஏஇ’ (E0AE) அல்லது ‘இ0ஏஎஃப்’ (E0AF) என்ற தொடக்கத்தோடு திரும்பத் திரும்ப வரும். ‘3எஃப்3எஃப்3எஃப்’ (3F3F3F) என்று வந்தால் உண்மையிலேயே கேள்விக்குறிகள்தான் பதிவாகியிருக்கின்றன. கனெக்‌ஷன் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன் குறியீட்டில் போடப்பட்டிருந்ததால், தமிழை எழுதத் தெரியாமல் கேள்விக்குறியை வைத்துவிட்டது. அந்தத் தலைப்புகள் போனது போனதுதான், நூலைப் பார்த்து மறுபடி ஏற்ற வேண்டும். ‘சி3ஏ0’ (C3A0) என்று தொடங்கினால் நல்ல செய்தி: இருமுறை குறியீடு மாற்றப்பட்டிருக்கிறது, டேட்டா இழக்கப்படவில்லை. பேக்கப் எடுத்துக்கொண்டு, ஃபீல்டை லத்தீனாக மாற்றி, பைனரியாக்கி, திரும்ப யூடிஎஃப்-8 ஆக்கினால் தமிழ் வந்துவிடும்.

இனி நடக்காமலிருக்க, டேபிளை ‘யூடிஎஃப்8எம்பி4’ (எல்லா மொழி எழுத்துகளும் அடங்கும் குறியீடு) என்று வைத்தால் மட்டும் போதாது, கனெக்‌ஷனுக்கும் அதையே சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0-வில் அதுவே இயல்பு. அதற்கு முன்பு இயல்பு லத்தீன்தான், அங்கேதான் நம் எழுத்துகள் தொலைந்தன.

தேடலில் அகப்படாதது நுட்பமான விஷயம், தமிழில் வேலை செய்கிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. போஸ்ட்கிரெஸ் போன்றவை இயல்பாக பைட்டுகளை ஒப்பிடுவதால் இரண்டும் வேறு என்று சொல்லிவிடும். சர்வீஸுக்குள் எழுத்து நுழையும் இடத்திலேயே, சேமிப்பதானாலும் தேடுவதானாலும், என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். ஜாவாவில் ‘நார்மலைசர்’ இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து ‘நார்மலைஸ்’ ஃபங்ஷனும் இருக்கிறது.

‘ஸ்ரீ’ மட்டும் இதற்கும் அடங்காது. வழக்கமான ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று, பிற்காலத்தில் யூனிகோடில் சேர்த்த ‘ஶ’வில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றம். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது, நீங்களே ஒரு வடிவத்தைத் தேர்ந்து மற்றதை மாற்ற வேண்டும். ஃபீல்டின் நீளத்தையும் தாராளமாக வையுங்கள். ‘ஸ்ரீனிவாசன்’ கண்ணுக்கு 5 எழுத்து, டேட்டாபேஸ் எண்ணுவது 11.

ஹைபர்நேட் தானாகவே டேபிள்களை உருவாக்குகிறது. ‘டிடிஎல் ஆட்டோ’வை ‘அப்டேட்’ என்றே வைத்து லைவுக்குப் போகலாமா?
– சென்னை வாசகர்

வேண்டாம். ஹைபர்நேட் உங்கள் ஜாவா கிளாஸ்களைப் பார்த்து டேபிள்களை அமைக்கும் டூல், ‘அப்டேட்’ என்றால் டேபிளில் இல்லாததை அதுவே சேர்த்துவிடும். உங்கள் மெஷினில் பழகிப் பார்க்க அது வசதி. லைவில் என்ன ஆகும் என்று பாருங்கள்: கிளாஸில் ‘முகவரி’ என்றிருந்ததை ‘வீட்டு முகவரி’ என்று பெயர் மாற்றுகிறீர்கள். ஹைபர்நேட்டுக்கு அது பெயர் மாற்றம் என்று தெரியாது. புதிய ஃபீல்டு ஒன்றைக் காலியாகச் சேர்க்கும், பழையது டேட்டாவோடு அப்படியே கிடக்கும். வாடிக்கையாளர்கள் ‘என் முகவரி எங்கே?’ என்று கேட்கத் தொடங்குவார்கள்.

லைவில் ‘வேலிடேட்’ (சரிபார்க்க மட்டும்) வையுங்கள். டேபிளில் இருக்க வேண்டிய ஃபீல்டு இல்லாவிட்டால் சர்வீஸ் எழவே மறுக்கும், அது நல்லது. மாற்றங்களை ஃப்ளைவே போன்ற டூலில் எண் போட்ட எஸ்க்யூஎல் ஃபைல்களாக நீங்களே எழுதுங்கள். எது எப்போது ஓடியது என்பதை அது ஒரு டேபிளில் குறித்துக்கொள்ளும். ஓடி முடிந்த ஃபைலைத் திருத்தினால் கண்டுபிடித்து நிறுத்திவிடும், திருத்தத்துக்கு அடுத்த எண்ணில் புது ஃபைல் போட வேண்டும். டேபிள்கள் ஏற்கெனவே இருப்பதால் முதல் முறை ‘பேஸ்லைன்’ செய்து, இப்போதிருக்கும் நிலையைத் தொடக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் டேபிள் மாற்றத்தையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைக்கலாம், பாதியில் எரர் வந்தால் முழுக்கப் பின்வாங்கிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் அப்படி முடியாது, ஒவ்வொரு மாற்றமும் உடனே உறுதியாகிவிடும். ஆகவே ஒரு ஃபைலில் ஒரு மாற்றம் என்று வையுங்கள். லைவில் ஓட்டும் முன் பேக்கப் எடுத்து, அதை வேறொரு டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து, அங்கே ஃப்ளைவேயை ஓட்டிப் பாருங்கள்.